172.18.0.1: அல்சூர் வீட்டு சர்வரில் ஒரு ஜூலை மாதம்

என் தாய்மாமா பெங்களூர் அல்சூரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறார். சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு, முன்னறைதான் அலுவலகம். எச்.ஏ.எல்., பி.ஈ.எம்.எல்., ஐ.டி.ஐ. ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கும் பழைய குடும்பங்கள் என்று சுமார் இருநூறு பேர் அவரிடம் வருகிறார்கள். ஜூலை 31 நெருங்க நெருங்க அந்த வாசலில் செருப்பு விட இடமிருக்காது.

2024 ஜூலையில் அந்த வீட்டு சர்வரில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதன்பின் என்ன மாற்றினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சர்வரை அமைத்தவன் நான். தவறும் என்னுடையதுதான். மாமாவிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். வாடிக்கையாளர் யாரையும் அடையாளம் காட்டும் விவரம் இதில் இல்லை.

பீரோவும் சாவியும்

2023 வரை மாமா எல்லாக் காகிதங்களையும் ஒரு மேகச் சேவையில் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு கோப்புறை, தேவைப்படும்போது லிங்க். அந்த ஆண்டு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அவருடைய கோப்புறையின் லிங்க்குக்குப் பதிலாக அதற்கு மேலே இருந்த கோப்புறையின் லிங்க் போய்விட்டது. அந்த அம்மாவே போன் செய்தார்: "சார், இதுல வேற யார் யாரோட பான் கார்டெல்லாம் தெரியுது. நான் எதையும் திறக்கல. நீங்க முதல்ல மூடிடுங்க."

அன்று இரவு மாமா தூங்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா காலத்துல இதெல்லாம் இரும்பு பீரோல இருந்துச்சு மாப்ள. சாவி இடுப்புல இருக்கும். இப்ப காகிதம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. கேட்டா என்ன பதில் சொல்வேன்?"

வரிக்காரரின் கோப்புறை வெறும் எண்கள் அல்ல. 80டிடிபி பிரிவில் கழிவு கேட்டால் வீட்டில் யாருக்கோ பெரிய நோய் என்று தெரிந்துவிடும். 80யு என்றால் உடல் குறைபாடு. நன்கொடை ரசீதைப் பார்த்தால் எந்தக் கோயில், எந்தக் கட்சி என்று தெரியும். வங்கி அறிக்கையில் மகனுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் தெரியும். மாமா இதையெல்லாம் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறார். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை, அத்தையிடம்கூட. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன 2017 ஆகஸ்ட் 24 அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், நம்ம ஊர்க்காரர் என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை.

"பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே" என்று பலர் சொல்வார்கள். இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். கோப்பின் பெயரிலேயே ஆள் பெயர் இருக்கும். ஆண்டை நூறு முறைக்குள் ஊகித்துவிடலாம். வருமான வரித் துறையின் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கைக்குப் பாஸ்வேர்டு பான் எண்ணும் பிறந்த தேதியும். பக்கத்திலேயே பான் கார்டின் படம் இருந்தால் இரண்டும் அதில் அச்சாகியே இருக்கின்றன. ஒரே கோப்புறையில் பூட்டும் சாவியும் சேர்ந்தே கிடக்கின்றன என்றுதான் இதற்கு அர்த்தம்.

அமைத்தது

பெங்களூரின் மின்னணுச் சாமான் சந்தையான எஸ்.பி. ரோட்டில், ஐடி நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட சின்ன மேசைக் கணினி ஒன்றை வாங்கினேன். உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும் அளவு. 8 ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி, கூடவே 2 டிபி வட்டு. சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கிறது, மாதத்துக்கு 7.2 யூனிட், ஒரு ட்யூப்லைட்டின் கணக்குகூட இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, வட்டு முழுவதையும் லினக்ஸின் லக்ஸ் கொண்டு மறையாக்கம் (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்தேன். வீட்டில் திருடன் நுழைந்து பெட்டியைத் தூக்கிப் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அதன் மேல், ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனி அறையில் ஓட்டும் டாக்கர்; டாக்கருக்குள் நெக்ஸ்ட்கிளவுட்; வாசலில், வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வரான கேடி. நெக்ஸ்ட்கிளவுட் என்பது 2016-ல் ஓன்கிளவுட்டிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள். கோப்புகளை வைக்க, பகிர, போனோடு ஒத்திசைக்க இது ஒன்றே போதும்.

பெட்டி இருப்பது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், கோலமாவு டப்பாவுக்கு மேல் தட்டில். முதல் வாரம் இரவு பத்தரைக்கு சர்வர் தினமும் செத்தது. காரணம், அத்தை படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார். நாற்பது வருடப் பழக்கம். அந்த சுவிட்ச் மேல் சிவப்பு டேப் ஒட்டி, ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்ததும் சரியானது.

அப்புறம் பெரிய தடை. வீட்டு இணைப்பில் ஐபிவி4 (இணைய முகவரியின் பழைய வகை) முகவரி நமக்கே நமக்கு என்று கிடையாது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் 100-ல் தொடங்கும் ஒரு முகவரி தெரிந்தது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள தொகுதியை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கினார்கள், சிஜிநாட் என்பார்கள். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள். நாம் வெளியே போகலாம், வெளியிலிருந்து நம் வீட்டுக்கு யாரும் நேராக வர முடியாது. வெளியிலிருந்து வருவதைப் பெட்டிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எத்தனை செய்தாலும் பயன் இல்லை.

ஆனால் அதே இணைப்பில் புதிய வகையான ஐபிவி6 இருந்தது. அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி உண்டு. சர்வரின் ஐபிவி6 முகவரியை எங்கள் டொமைனில் (இணையப் பெயரில்) பதிந்தேன். ரவுட்டரில், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு ஒரே ஒரு பொத்தான்தான், எல்லாம் அடை அல்லது எல்லாம் திற. இணையதளங்களுக்கான வாசலான 443-ம் போர்ட் ஒன்றை மட்டும் திற என்று சொல்ல வழியில்லை. திறந்தேன். சர்வரிலேயே தனியாக ஒரு ஃபயர்வால் போட்டிருந்தால் போதும், பத்து நிமிட வேலை. போடவில்லை. ஒரு வீட்டு நெட்வொர்க்கில் ஐபிவி6 முகவரிகளின் எண்ணிக்கை 18-க்குப் பின்னால் 18 சுழியம். இத்தனையில் ஒரு பெட்டியை யார் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கணக்கு சரி. அதிலிருந்து நான் எடுத்த முடிவு தப்பு.

அரை நிமிடம்

எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஜூலை முதல் வாரம் மாமா போன் செய்தார். "உள்ள போறதுக்கு அரை நிமிஷம் ஆகுதுடா. ஆள் எதிர்ல உட்கார்ந்திருக்கார், நான் சுத்துற வட்டத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

பழைய பெட்டி, வரி சீசன், கோப்புகளும் கூடிவிட்டன. நினைவகம் போதவில்லை என்று முடிவு செய்து 16 ஜிபி ஆக்கினேன். மாற்றமில்லை. வட்டைச் சோதித்தேன், நலமாக இருந்தது. தரவுத்தளத்தைச் சுத்தம் செய்தேன். அதே அரை நிமிடம். உள்ளே நுழைந்துவிட்டால் கோப்புகள் சட்டென்று திறக்கின்றன. நுழைவதுதான் மெதுவாக இருந்தது. இந்த வேறுபாட்டை முதல் நாளே கவனித்திருந்தால் நினைவகம் வாங்கியிருக்க மாட்டேன். பெட்டி நிஜமாகவே திணறினால் எல்லாம் சேர்ந்தே மெதுவாகும்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் ஐபிவி6-ஐ அணைத்து, டொமைன் பெயரை வீட்டுக்குள் இருக்கும் ஐபிவி4 முகவரிக்கே திருப்பிவிட்டு நுழைந்தேன். ஒரு நொடியில் திறந்தது. ஐபிவி6-ஐத் திரும்பப் போட்டதும் மறுபடி அரை நிமிடம். அதே பெட்டி, அதே பயனர், அதே பாஸ்வேர்டு.

பிறகு நெக்ஸ்ட்கிளவுட் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். 'அட்மின்' என்ற பெயரில் நுழைவு தோல்வி. 'டெஸ்ட்' தோல்வி. 'அட்மின்' தோல்வி. சில நிமிடத்துக்கு ஒன்று வீதம் பக்கம் பக்கமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் முகவரி ஒன்றே: 172.18.0.1.

அது வெளியுலக முகவரி அல்ல. டாக்கர் தன் கன்டெய்னர்களுக்காக வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் நெட்வொர்க்கின் வாசல். இரண்டு வாரம் முன்பே இந்த வரிகள் ஒன்றிரண்டைப் பார்த்திருந்தேன். ஏதோ உள் வேலை, பாஸ்வேர்டு தவறாகப் பதிந்திருக்கிறது, சீசன் முடிந்ததும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் நடந்தது இது. என் கன்டெய்னர் நெட்வொர்க்குக்கு ஐபிவி4 மட்டும்தான் இருந்தது. வெளியிலிருந்து ஐபிவி6-ல் ஒருவர் வந்தால் டாக்கர் அவரை நேராக உள்ளே அனுப்ப முடியாது. இடையில் ஒரு சிறு புராக்ஸி நின்று, அவர் சொன்னதை வாங்கி, தானே ஐபிவி4-ல் உள்ளே போய்ச் சொல்கிறது. அதனால் உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும் 172.18.0.1-தான் வந்ததாகத் தெரியும். தாக்குகிறவரும் அந்த முகவரி, மாமாவும் அந்த முகவரி.

தோல்விகள் குவிந்தால் அந்த முகவரியிலிருந்து வரும் நுழைவுகளைத் தாமதப்படுத்துவது நெக்ஸ்ட்கிளவுட்டின் தற்காப்பு. தாமதம் 25 வினாடி வரை போகும். அது தன் கடமையைச் செய்திருக்கிறது. யாரோ பாஸ்வேர்டு ஊகிக்க, அதற்கான தண்டனை மாமாவுக்கும் சேர்த்து விழுந்தது. அந்தத் தாமதம் மட்டும் இல்லாதிருந்தால் எனக்கு இது எதுவும் தெரியவே வந்திருக்காது.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

18-க்குப் பின் 18 சுழியத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. விலாசத்தை நானே ஊருக்கெல்லாம் படித்துச் சொல்லியிருந்தேன்.

மறையாக்க இணைப்பான எச்டிடிபிஎஸ் வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது; கேடி தானே வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் இப்படி வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. போலிச் சான்றிதழ்களைப் பிடிப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கியவை அங்கே இல்லையென்றால் குரோம் அவற்றை ஏற்காது. அந்தப் பதிவேடுகளில் யார் வேண்டுமானாலும் தேடலாம். தேடினேன். எங்கள் குடும்பப் பெயரில் இருக்கும் டொமைன், அதன் கீழ் நான் வைத்த ஒவ்வொரு துணைப் பெயரும், வாங்கிய தேதியும் வரிசையாக வந்தன. தாத்தாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

இந்தப் பதிவேடுகளை நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. புதுப் பெயர் விழுந்ததும் அதன் முகவரியைக் கேட்டு, கதவைத் தட்டிப் பார்க்கும். கேடியின் பழைய லாகைப் புரட்டினால், சான்றிதழ் வாங்கிய அதே மணி நேரத்துக்குள் முதல் தட்டல் பதிவாகியிருந்தது.

8080

இனிதான் எனக்கு இன்றும் உறுத்தும் பகுதி. மாமாவின் பாஸ்வேர்டு நீளமானது, இரட்டைச் சரிபார்ப்பும் உண்டு. நெக்ஸ்ட்கிளவுட்டுக்குள் யாரும் நுழையவில்லை என்பதை லாகில் வரிக்கு வரி பார்த்து உறுதி செய்தேன். ஆனால் வெளியிலிருந்து அந்த முகவரியின் எல்லாப் போர்ட்களையும் சோதித்தபோது 443-ஓடு 8080-ம் திறந்திருந்தது.

மே மாதம் கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் வேறொரு சிறு மென்பொருளைச் சோதித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை, நிறுத்த மறந்துவிட்டேன். அதன் பாஸ்வேர்டையும் மாற்றவில்லை, மென்பொருளோடு கூடவே வந்த அட்மின் பாஸ்வேர்டேதான். அதற்குக் காட்டிய கோப்புறையில் இரண்டு வாடிக்கையாளர்களின் உண்மையான படிவம் 16-ம் பான் கார்டும் இருந்தன, சோதனைக்கென்று நான் நகலெடுத்தவை.

யாராவது எடுத்தார்களா? சொல்ல முடியவில்லை. ஜூலை முதல் வாரம் 'மெதுவாக இருக்கிறது' என்று எல்லாக் கன்டெய்னர்களையும் நான் அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்தேன். அந்தச் சோதனை மென்பொருளின் லாக் கன்டெய்னருக்குள்ளேயே இருந்தது, கன்டெய்னரை அழித்ததும் அதுவும் போய்விட்டது. அதற்குப் பின் உள்ள லாகில் அந்தப் போர்ட்டைத் தட்டியவர்கள் இருக்கிறார்கள், உள்ளே போனவர்கள் இல்லை. அதற்கு முந்தைய ஏழு வாரத்துக்குச் சாட்சியே இல்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவங்க ரெண்டு பேர் யாரு?"

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அன்றைக்கு அதன் விதிகள் வெளிவந்திருக்கவில்லை. மாமா சட்டத்தைக் கேட்கவே இல்லை, போனை எடுத்தார். "அண்ணா, உங்க பேப்பர் ரெண்டு மாசம் திறந்த இடத்துல இருந்திருக்கு. யாராவது பார்த்தாங்களான்னு தெரியல. பார்த்திருக்கலாம். தப்பு எங்க மேல." 'பார்த்திருக்க வாய்ப்பில்லை' என்று சொல்லச் சொல்லி நான் பக்கத்தில் சைகை காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பான் எண்ணை வைத்து யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கடன் அறிக்கையில் எப்படிப் பார்ப்பது என்று இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் சொன்னார்.

மாற்றி அமைத்தது

அன்றிரவே ரவுட்டரின் ஐபிவி6 கதவை அடைத்தேன், டொமைனிலிருந்து முகவரியை எடுத்தேன். மீதி வேலையை ஆகஸ்டில் செய்தேன்.

இப்போது வீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். உள்ளறை, திண்ணை.

உள்ளறை என்பது பழைய நெக்ஸ்ட்கிளவுட். அதற்கு வெளியுலகில் கதவே கிடையாது. மாமாவின் போன், லேப்டாப், என் லேப்டாப் மூன்றும் வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்கம் வழியாக மட்டும் போகும். 2020-ல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டில் எனக்குப் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே வராது. அங்கே கதவு இருக்கிறது என்றுகூடத் தட்டியவருக்குத் தெரியாது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பதால் வெளியே ஒரு சின்ன வாடகை சர்வரைச் சந்திப்பு இடமாக வைத்தேன். வீட்டுப் பெட்டி தானே வெளியே போய் அதோடு கை கோத்துக்கொண்டு, 25 வினாடிக்கு ஒரு முறை இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர்களை வயர்கார்ட் போடச் சொல்ல முடியாது. எழுபது வயது பெரியவருக்கு ஒரு லிங்க், அதில் ஒரு பொத்தான், அவ்வளவுதான் இருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் திண்ணை: தனிக் கன்டெய்னரில் தனி நெக்ஸ்ட்கிளவுட். ஆளுக்கு ஒரு லிங்க், காலாவதி தேதியோடு. அதில் கோப்பைப் போடலாம். போட்டதைத் திரும்பப் பார்க்க முடியாது, மற்றவர் போட்டதையும் பார்க்க முடியாது. லிங்க் வாட்ஸ்அப்பில் போகும், பாஸ்வேர்டை மாமா போனில் வாயால் சொல்வார். உள்ளறை மணிக்கு ஒரு முறை திண்ணைக்கு வந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு, திண்ணையைத் துடைத்துவிட்டுப் போகும். திண்ணையிலிருந்து உள்ளறைக்குப் போக வழி கிடையாது. வீட்டில் தபால்காரர் வரும் இடம் அதுதானே, அடுக்களை வரை யாரும் வருவதில்லை.

வாடகை சர்வர் மறையாக்கத்தைப் பிரிப்பதில்லை. வந்ததை அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடும், பிரிக்கும் சாவி பூஜை அலமாரிப் பக்கத்துப் பெட்டியில். வந்தவரின் உண்மையான முகவரியையும் சேர்த்தே அனுப்புகிறது, அதனால் 172.18.0.1 என்ற ஒரே முகம் இனி இல்லை. சான்றிதழும் இப்போது டொமைன் முழுவதற்கும் சேர்த்து ஒன்றுதான். டொமைனின் முகவரிப் பதிவான டிஎன்எஸ் வழியாகச் சரிபார்த்து வாங்குகிறேன். எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் துணைப் பெயர்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதில் மறைவது கோப்பின் உள்ளடக்கம், ஆள் அல்ல. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட உத்தரவின்படி வாடகை சர்வர் தருகிறவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். வரிக்காரருக்கு அதனால் பிரச்சினையில்லை. தன் அடையாளமே தெரியக் கூடாது என்ற நிலையில் ஒரு கோப்பு அனுப்ப வேண்டியவருக்கு இந்த அமைப்பு உதவாது. ஆளை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் போகும் ஆனியன்ஷேர் என்ற மென்பொருள் அதற்கு ஏற்றது. அது சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும், டொமைனும் தேவையில்லை.

இவை தவிர சர்வரில் ஃபயர்வால், எல்லா லாகும் கன்டெய்னருக்கு வெளியே தனிக் கோப்பாக, மாதம் ஒரு முறை என் வீட்டிலிருந்து எல்லாப் போர்ட்களையும் தட்டிப் பார்ப்பது. சோதனைக்கு இனி நானே தயாரித்த பொய்க் காகிதங்கள்தான். பேக்கப், ரெஸ்டிக் என்ற மென்பொருள் கொண்டு மறையாக்கம் செய்து, கோயம்புத்தூரில் மாமா மகள் வீட்டு வட்டுக்குத் தினமும் போகிறது. ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மாமா அந்தப் பழைய இரும்பு பீரோவில் வைத்திருக்கிறார்.

2025 சீசனில் திண்ணை லாகில் தட்டல்கள் இருந்தன, ஒவ்வொன்றும் அதனதன் சொந்த முகவரியோடு. மாமாவின் நுழைவு ஒரு நொடிதான்.

அந்த இருவரில் ஒருவர் வழக்கம்போல வந்தார். இன்னொருவர் வரவில்லை, போனில் மரியாதையாகவே சொல்லிவிட்டார். மாமா அவருடைய காகிதங்களை அழித்துவிட்டு, "கோயம்புத்தூர்ல இருக்கறதும் போகணும்" என்றார். ரெஸ்டிக்கில் ஒருவருடைய கோப்புறையை மட்டும் நீக்குவது லேசான காரியம் இல்லை. பழைய பதிவு ஒவ்வொன்றையும் அந்தக் கோப்புறை இல்லாமல் திருத்தி எழுத வைத்து, பழையவற்றை நீக்கி, மிச்சமிருந்த துண்டுகளைத் துடைத்து, கடைசியில் அவர் பெயரைத் தேடிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்தபோது மணி பதினொன்று. மாமா அதுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.